முகம் சுளிக்கும் முன்: டெல்டாவிலிருந்து வெளிநாடு செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஸ்வீடனில் மகள் வீட்டில் நாங்கள் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, எட்டு வயதுப் பேரன் ஒருநாள் பக்கத்து வீட்டுப் பையனோடு விளையாடப் போயிருந்தான். மாலை ஆறு மணிக்கு அவனை அழைத்துவர நானும் மனைவியும் சென்றோம். அந்த வீட்டார் நால்வரும் மேசையில் அமர்ந்து மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, எங்கள் பேரன் உள்ளறையில் தரையில் உட்கார்ந்து தனியாகக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். பிள்ளைக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. என் மனைவிக்குத்தான் வீடு வந்து சேர்ந்த பிறகும் ஆறவில்லை. "பச்சைப் பிள்ளையப் பக்கத்து ரூம்ல உட்கார வெச்சுட்டு, எப்படிங்க இவங்களுக்குச் சோறு இறங்குது?" என்று கேட்டார். குடவாசலுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து வளர்ந்த நானும், வீட்டுக்கு வந்தவரைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடும் குடும்பத்தை அறுபத்தாறு வயதுவரை பார்த்ததில்லை என்றே அன்றைக்கு உறுதியாக நம்பினேன்.

மகள் சொன்ன விளக்கம் வேறாக இருந்தது. விளையாட வந்த பிள்ளைக்கு அவன் வீட்டில் இரவு உணவு காத்திருக்கும். நாம் கொடுத்து அனுப்பினால் அவன் தாய் சமைத்தது வீணாகும். பிறர் குடும்பத்தின் ஒழுங்கில் கேட்காமல் கைவைப்பதும், திருப்பிச் செய்தாக வேண்டிய கடனை அவர்கள்மேல் ஏற்றுவதும் நாகரிகமன்று என்பது அங்கே பழைய தலைமுறையின் எண்ணம். 2022-ஆம் ஆண்டில் இந்த வழக்கம் இணையத்தில் உலகம் முழுவதும் அடிபட்டபோது, ஸ்வீடன் நாட்டினரே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிட்டார்கள். எங்கள் வீட்டில் அப்படி இல்லை என்று பலர் மறுத்தார்கள். ஆக, அந்தப் பெண்மணி எங்கள் பேரனை அவமதிக்கவில்லை; தம் கணக்கில் என் மகளுக்கு மரியாதை செய்திருக்கிறார்.

திருச்சியில் விமானம் ஏறுகிறவருக்கு விசா, காப்பீடு, புளிக்காய்ச்சல் பற்றியெல்லாம் ஆலோசனை சொல்ல ஊரில் ஆளுண்டு. போன இடத்தில் "இது தப்பு" என்று மனம் குமுறும்போது என்ன செய்வது என்பதைச் சொல்ல ஆளில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. தடுக்கி விழுந்து கற்றதையே கீழே எழுதுகிறேன்.

குமுறலைக் குறித்து வையுங்கள்

சட்டைப் பையில் ஒரு சிறிய குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். "சீ" என்றோ "அநியாயம்" என்றோ மனம் சொன்னவுடன், கண்ணால் கண்டதை மட்டும், அடைமொழி சேர்க்காமல், ஒரே வரியில் எழுதுங்கள். "ஈவிரக்கமில்லாத குடும்பம்" என்று எழுதக்கூடாது, "ஆறு மணி, நால்வர் சாப்பிட்டனர், விருந்தாளிப் பிள்ளை வேறு அறையில் இருந்தான்" என்று எழுத வேண்டும். தீர்ப்பு எழுத இரவில் நேரமிருக்கிறது. அப்போது அந்த வரிக்குப் பக்கத்தில் மூன்று சொற்களில் ஒன்றைப் போடுங்கள்: தூய்மை, முறை, தீங்கு.

இந்த மூன்று பிரிவும் என் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்க மானிடவியலாளர் ரிச்சர்டு ஷ்வேடரும் உடன் பணியாற்றியவர்களும் 1987-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒடிசாவின் புவனேசுவரத்திலும் அமெரிக்காவின் சிகாகோவிலும் வாழ்ந்தவர்களிடம் ஒரே நிகழ்ச்சிகளைச் சொல்லி, இது தப்பா என்று கேட்டிருந்தார்கள். தகப்பன் இறந்த மறுநாள் மூத்த மகன் முடிவெட்டிக்கொண்டு கோழிக்கறி சாப்பிட்டான் என்பது புவனேசுவரத்தில் மிகப் பெரிய குற்றங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. சிகாகோவில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. சொல்லாமல் தனியாகச் சினிமாவுக்குப் போன மனைவியைக் கணவன் அடித்தான் என்பது சிகாகோவில் குற்றமாகப் பட்டது. புவனேசுவரத்தில் அது கணவனின் உரிமையாகப் பட்டது. வாக்குத் தவறுவதும், சும்மா கிடக்கும் நாயை உதைப்பதும் இரண்டு ஊரிலும் தப்பாகவே இருந்தன. இத்தகைய விடைகளைக் கொண்டுதான் அறம் பற்றிய பேச்சைத் தனிமனிதருக்கு நேரும் தீங்கு, குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் உரிய கடமை, தெய்வத்தோடு தொடர்புடைய தூய்மை என்று அவர்கள் பின்னர் மூன்றாகப் பகுத்தார்கள். நம் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டிருந்தாலும் புவனேசுவரத்து விடைகளே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றுள் முதலாவதைப் பற்றி எனக்கு வெட்கமில்லை. இரண்டாவதைப் பற்றி உண்டு.

தூய்மை: எச்சிலில் தொடங்குங்கள்

மூன்றில் எளிதில் பழகக்கூடியது இதுதான், ஆனால் முதல் வாரத்தில் நம்மை அதிகம் படுத்துவதும் இதுதான். செம்பை அண்ணாந்து, உதடு படாமல் குடித்துப் பழகியவருக்கு, கொரியாவில் ஒரே குழம்புச் சட்டியில் நாலு பேர் கரண்டி விடுவதைப் பார்க்கும்போது வயிற்றைப் புரட்டும். எத்தியோப்பியாவில் குடும்பமே ஒரு பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்து, விருந்தாளியின் வாயில் தம் கையாலேயே கவளம் ஊட்டுவார்கள். அதை மறுப்பது அன்பை மறுப்பது. அவர்கள் நம் ஊருக்கு வந்து, தாயின் கையிலிருந்து பழைய சோற்று உருண்டையைப் பிள்ளைகள் வாங்கித் தின்பதைப் பார்த்தால், அன்னியமாக உணரமாட்டார்கள். நமக்கும் எச்சில் பார்க்காத இடங்கள் இருக்கின்றன என்பதை நினைவுக்குக் கொண்டுவருவதே இங்கே பயிற்சி.

ஜப்பானியர் சோற்றுக் கிண்ணத்தில் உணவுக் குச்சிகளைச் செங்குத்தாக நட்டு வைக்கமாட்டார்கள். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படிச் செய்வது. தெரியாமல் செய்தால் எதிரே இருப்பவரின் முகம் மாறும். நமக்கு இது புரியாத விஷயமன்று. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்தவர் இலையைத் தம் பக்கமாக மடிக்காமல் எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டால், பெண் வீட்டுப் பாட்டி அதை எத்தனை வருடம் சொல்லிக்காட்டுவார் என்று எண்ணிப் பாருங்கள். போன இடத்து விலக்கு எதையும் "மூடநம்பிக்கை" என்று ஒதுக்கும் முன், அதற்கு இணையான நம் விலக்கு ஒன்றைத் தேடி, குறிப்பேட்டில் பக்கத்தில் எழுதுங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

கழிவறைக் காகிதத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. அவர்கள் நம்மைச் சுத்தமில்லாதவர்கள் என்கிறார்கள், நாம் அவர்களை அப்படிச் சொல்கிறோம். பயணத்தில் ஒரு சிறிய குவளை வைத்துக்கொண்டால் இந்த வழக்கு தீர்ந்துவிடும்.

சிங்கப்பூரில் மட்டும் சற்று நின்று கவனிக்க வேண்டும். அங்கே பொது உணவு அங்காடிகளில் சாப்பிட்டவரே தம் தட்டை எடுத்து உரிய இடத்தில் வைக்க வேண்டும் என்ற விதி 2021-ஆம் ஆண்டு முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. மீறினால் அபராதம் உண்டு. நம் பந்தியிலோ, விருந்தாளி தம் இலையைத் தாமே எடுக்க முனைந்தால் வீட்டுக்காரர் பதறிப்போவார். எச்சில் இலையை எடுப்பதற்கு என்று ஒருவர் இருக்கிறார். அவர் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதை நாம் கேட்பதில்லை. நம் எச்சில் நமக்குப் பெரிய விஷயமில்லை. பிறர் அதை எடுக்கலாம், அதற்குரியவர் அவர் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது கேட்கவேண்டிய கேள்வி. தூய்மை என்று எழுதிய வரி, இப்படிச் சில நேரம் மெல்லத் தீங்கு என்ற பக்கத்துக்கு நகர்வதைப் பார்ப்பீர்கள்.

முறை: விட்டுக்கொடுக்க மிகக் கடினமானது

என் பேரனின் நண்பன் என்னைப் பெயர் சொல்லி அழைத்தான். எட்டு வயதுப் பையன்! ஸ்வீடிஷ் மொழியில் மரியாதைப் பன்மையும் பட்டங்களும் ஒருகாலத்தில் இருந்தன; 1960-களின் பிற்பகுதியில் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் சமுதாயம் முழுவதும் எல்லாரையும் "நீ" என்று சொல்லும் பழக்கத்துக்கு மாறிவிட்டது. மருத்துவரும் நோயாளியும், முதலாளியும் வேலைக்காரரும் ஒருவரையொருவர் "நீ" என்கிறார்கள். முதல் மாதம் எனக்கு அது கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அதன் பிறகுதான் அந்த "நீ" இருபுறமும் ஓடுகிறது என்பது உறைத்தது.

டெல்டாக்காரருக்கு முறை என்பதன் உச்சம் விருந்துதான். கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த கணிதமேதை ராமானுஜன் 1914-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் தேதி சென்னையில் கப்பல் ஏறினார். கடல் கடப்பது ஆசாரக் கேடு என்று முதலில் தடுத்த தாய், நாமகிரித் தாயார் கனவில் வந்து தடுக்காதே என்று சொன்னதாகக் கூறி இசைந்தார். குடுமி போயிற்று, உடை மாறிற்று; சைவ உணவை மட்டும் விடாமல் கேம்பிரிட்ஜில் தாமே சமைத்துச் சாப்பிட்டார். அங்கே ஒருமுறை சில இந்திய நண்பர்களை விருந்துக்கு அழைத்துத் தம் கையால் பரிமாறியபோது, வந்திருந்த பெண்கள் மேற்கொண்டு வேண்டாம் என்று மறுத்ததை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு, சொல்லாமல் வெளியேறி ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்விட்டார். உலகம் வியந்த மூளை, குடுமியை விட முடிந்தது, "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்பதை விட முடியவில்லை. எது நமக்கு உயிர்நாடி என்பது அது அறுபடும்போதுதான் தெரிகிறது. ஆகவே விருந்து விஷயத்தில் உங்களுக்குக் கோபம் வந்தால், அன்றைக்குத் தீர்ப்பு எழுதவே வேண்டாம். இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.

திருமண முறையைப் பற்றிப் பேச்சு வந்தால் தயாராக இருங்கள். அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவது நமக்குப் பெருமைக்குரிய உரிமை. இந்து திருமணச் சட்டமும் வழக்கம் இருக்கும் இடத்தில் அதை ஏற்கிறது. பிரிட்டனில் அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது, கேட்டவர் அருவருப்பை மறைக்கவும் மாட்டார். பெரியப்பா மகளைக் கட்டுவதை நாம் உடன்பிறப்பைக் கட்டுவதாகவே எண்ணுகிறோம். பிரிட்டிஷ்காரருக்கோ அவளும் மாமன் மகளும் ஒன்றுதான், இருவரையும் சட்டம் தடுக்கவில்லை. தென்கொரியாவில் ஒரே குலப்பெயரும் ஒரே பூர்விக ஊரும் கொண்டவர்கள் மணந்துகொள்ளச் சட்டத்தடை இருந்தது. 1997-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்த பிறகே நீங்கியது. பங்காளிக்குள் சம்பந்தம் கூடாது என்று நாம் சொல்வதை ஒரு கொரியப் பெரியவர் ஒரே நிமிடத்தில் புரிந்துகொள்வார். மாமன் மகள் என்று சொன்னால் எழுந்து போய்விடுவார்.

காரணத்தைக் கேட்கும் விதம்

"ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்ற கேள்வி எந்த மொழியிலும் சண்டைக்கு அழைப்பதுபோல் ஒலிக்கும். "எங்கள் ஊரில் இப்படிச் செய்வோம், இங்கே எப்படி?" என்று கேட்டால் கதை வரும். உணவகத்தில் டிப்ஸ் கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் மேசையில் பணம் விட்டுவந்தால், மறந்துவிட்டீர்கள் என்று எண்ணிப் பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தருவார்கள். அமெரிக்காவில் கொடுக்காமல் எழுந்தால் நீங்கள் பரிமாறியவரின் கூலியைத் தின்றவராகிறீர்கள். ஏனென்றால் டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, கூட்டாட்சிச் சட்டப்படி, 1991 முதல் மணிக்கு 2.13 டாலராகவே நிற்கிறது. ஒரே செயல், கூலிக் கணக்கு மாறினால் சரி தப்பாகிறது. அறுவடைக் களத்தில் கூலி அளந்த பிறகு தரையில் கிடக்கும் நெல்லைக் கூட்டி அள்ளிக்கொள்ள விட்ட நம் வழக்கத்திலும், "தாராளம்" என்ற சொல்லுக்குப் பின்னால் இதே கணக்கு ஒளிந்திருந்தது.

சட்டம் குறுக்கிடும் இடங்களில் ஆராய்ச்சி வேண்டாம், அடங்கி நடக்க வேண்டும். தாய்லாந்தில் அரசரை இழிவுபடுத்துவதாகக் கருதப்படும் பேச்சுக்கு 3 முதல் 15 ஆண்டுவரை சிறை. சிங்கப்பூர் ரயிலில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் அபராதம். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகிற தாத்தா பாட்டிகள் ஒன்றை மறக்கக்கூடாது: பெற்றோர் உட்பட யாரும் பிள்ளையை அடிக்கக்கூடாது என்று 1979-இல் உலகிலேயே முதலாவதாகச் சட்டம் இயற்றிய நாடு ஸ்வீடன். "அடியாத மாடு படியாது" என்று அங்கே சொன்னால், வேடிக்கைக்குச் சொன்னாலும், எடுபடாது. 2011-இல் நார்வேயில் ஓர் இந்தியக் குடும்பத்தின் இரண்டு குழந்தைகளை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டபோது, கையால் ஊட்டியதும் தங்கள் படுக்கையில் உறங்கவைத்ததும் குறைகளாகச் சொல்லப்பட்டன என்று பெற்றோர் கூறினார்கள். கையால் ஊட்டுவதில் நான் நம் கட்சி. அடிப்பதில் ஸ்வீடன் கட்சி. இப்படிக் கலந்து முடிவெடுப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

"இந்த ஊர் வழக்கம்" என்று சொல்பவர் யார்?

எல்லாம் அவரவர் வழக்கம் என்று தோள் குலுக்கிவிட்டு வருவதும் சோம்பேறித்தனமே. வழக்கம் என்ற சொல்லைக் கேட்டால் அதைச் சொல்பவரின் இடத்தைப் பாருங்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகள் பலருக்கு, பாஸ்போர்ட்டை முதலாளியிடம் ஒப்படைப்பது "அங்கத்து வழக்கம்" என்று ஏஜெண்டுகள் சொல்லி அனுப்புகிறார்கள். கத்தார் போன்ற நாடுகளில் தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்வதைச் சட்டமே தடை செய்கிறது. வழக்கம் என்று சொன்னவர் அதனால் பயன் பெறுபவர். பாஸ்போர்ட்டை இழந்தவரைக் கேட்டால் வேறு சொல் சொல்வார். எந்த நாட்டிலும், ஒரு வழக்கத்தின் சுமையை யார் தூக்குகிறாரோ அவரிடம், அருகில் யாரும் இல்லாதபோது, கேளுங்கள். அவருக்கும் அது உவப்பானதென்றால் நம் சுளிப்பு நம்முடைய சிக்கல். அவர் குரலைத் தாழ்த்தினால் குறிப்பேட்டில் "தீங்கு" என்று எழுதலாம்.

இந்தச் சோதனை வெளியே இருந்து நம் ஊருக்கும் வந்திருக்கிறது. தஞ்சை மண்ணில் பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் (சாணத்தைக் கரைத்துக் குடிக்கவைப்பது) தண்டனையாக இருந்த காலத்தில், அவை ஊரொழுங்கின் பகுதி என்றே பெரிய மனிதர்கள் எண்ணினார்கள். 1940-களில் அவற்றுக்கு எதிராக அந்த மக்களைத் திரட்டி நிறுத்தியவர்களில் முன்னால் நின்ற பி. சீனிவாச ராவ், கன்னடம் பேசும் பகுதியிலிருந்து வந்தவர். அடி வாங்கியவர்களுக்கு அது தப்பு என்று எப்போதும் தெரியும். திண்ணையில் இருந்தவர்களுக்குத்தான் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

ஊர் திரும்பிய பின்

முதல் ஒரு மாதம் "அங்கேயெல்லாம்..." என்று எந்தப் பேச்சையும் தொடங்காதீர்கள், யாரும் கேட்கமாட்டார்கள், கேட்பவர்களும் சிரிப்பார்கள். குறிப்பேட்டை மூடாமல், வெளிநாட்டில் எழுதியதுபோலவே, அடைமொழி இல்லாமல், சொந்த வீட்டைப் பற்றி ஒரு வாரம் எழுதுங்கள்.

நான் எழுதிய மூன்றாம் நாள் வரி இது: "காலை ஏழு மணி, தண்ணீர் வைக்கும் பெரியவர் வந்தார், கொல்லைப்பக்கம் போனார், எரவாணத்திலிருந்து அலுமினியக் குவளையை எடுத்துக் கழுவினார், காபி ஊற்றப்பட்டது, குந்தி உட்கார்ந்து குடித்தார், குவளையைக் கழுவிச் செருகினார்." முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வயலுக்கு மடை திறப்பவர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். அவர் என்னை "ஐயா, நீங்க" என்கிறார். நான் அவரை "நீ" என்கிறேன். நாங்கள் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஸ்வீடனில் வேறு அறையில் கட்டை அடுக்கிய பிள்ளைக்காக ஆறாமல் பேசிய என் மனைவிதான் காபியை ஊற்றினார். நான் எழுதிய வரியைக் காட்டியபோது ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் எவர்சில்வர் டம்ளரில் காபியோடு மனைவியே வாசலுக்கு வந்தார். "திண்ணையில உட்காந்து குடிங்க" என்றேன். பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்னங்கய்யா புதுசா இருக்கு? எனக்கு அந்தக் குவளையே போதுங்க" என்று சொல்லிக் கொல்லைப்பக்கம் திரும்பினார். அது அங்கே இல்லை. பழைய பாத்திரத்தோடு போய்விட்டிருந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டு, திண்ணைக்குக் கீழே நின்றபடி, அண்ணாந்து, உதடு படாமல் குடித்தார்.

இப்போது மூன்று மாதமாகிறது. டம்ளரை உதட்டில் வைத்துக் குடிக்கிறார். திண்ணையில் இன்னும் உட்காரவில்லை.